மூலை வெட்டாத அட்டை

போன மாதம் ரொறன்ரோவுக்குப் பக்கத்து மார்க்கம் நகரிலிருந்து ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். அங்கே ஒரு சட்டசபை உறுப்பினரின் தொகுதி அலுவலகத்தில் வேலை செய்கிறாளாம். எண்பதுகளில் நானும் அப்படி ஓர் அலுவலகத்தில் காலம் தள்ளியவன் என்று யாரோ அவளுக்குச் சொல்லிவிட்டார்கள். "அங்கிள், எங்கட ஸ்டாஃபுக்கு ஒரு வேர்க்‌ஷொப் வைக்கிறம். அந்தக் காலத்தில சனத்தின்ர கேஸுகளை எப்பிடிச் செய்தனீங்கள் எண்டு ஒரு டென் மினிற்ஸ் கதைப்பீங்களோ?" என்று கேட்டாள்.

பத்து நிமிடம் தாராளம். தைப்பொங்கலுக்கு வேட்டி கட்டிக்கொண்டு மேடையேறும் அரசியல்வாதிகளே அதைவிடக் குறைவாகத்தான் பேசுகிறார்கள், வேட்டி அவிழ்ந்துவிடும் என்ற பயத்தில். நான் சம்மதிக்கப் போன நேரத்தில் அவள் தன் அலுவலகத்துப் புதுக் கணினியைப் பற்றிப் பெருமையாகச் சொன்னாள். சனங்களுடைய கடிதத்துக்குப் பதில் அனுப்பிய உடனே அந்தக் கோப்பு பச்சை நிறமாகித் தானாகவே மூடிக்கொள்ளுமாம். பதில்தான் போய்விட்டதே, பிறகென்ன. எனக்கு முழங்கால் வருத்தம், வர ஏலாது என்று சொல்லி வைத்துவிட்டேன். முழங்காலில் ஒரு வருத்தமும் இல்லை. வருத்தம் வேறிடத்தில். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் தொழிற்பயிற்சி ஊரில் ஒரு கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், நடந்தது. பதினொரு வருடம் அங்கே எழுதுவினைஞராக இருந்து நான் கற்ற வித்தை ஒன்றுதான். யார் எந்த விண்ணப்பத்தைக் கொண்டுவந்தாலும், முகத்தில் அளவான வருத்தத்தைக் காட்டி, "நாளைக்கு வாங்கோ" என்று சொல்வது. அந்தத் தகைமையோடும் ஒரு சூட்கேஸோடும் எண்பத்து மூன்றின் கடைசியில் ரொறன்ரோவில் வந்து இறங்கினேன். கனடா என் தகைமையை உடனே மதித்து ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டவிட்டது.

இருந்தது ஒரு பழைய வீட்டில். ஒன்பது ஆண்கள், ஒரு குளியலறை. அந்தக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. உள்ளே இருப்பவர் பாட வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். எனக்குப் பாட்டு வராது, அதனால் பெருக்கல் வாய்ப்பாடு சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டைத் தாண்டினால் வெளியில் நிற்பவர்கள் கெட்ட வார்த்தையில் திட்டுவார்கள். வீட்டுக்காரரிடம் மூன்று தரம் சொல்லியும் பலனில்லை. சலவைக் கடைக்குப் பக்கத்தில் மாகாண சட்டசபை உறுப்பினரின் அலுவலகம் இருக்கிறது, அங்கே போய் முறையிடலாம் என்று யாரோ சொன்னார்கள். போனேன். நாளைக்கு வாங்கோ என்று சொல்லக் கேட்பதற்கு மனதைத் தயார் செய்துகொண்டுதான் போனேன்.

உறுப்பினரின் பெயர் மிஸ்டர் பெல்விக். அப்போது எழுபது தாண்டியிருந்தார். தகப்பன் வழியில் அவரும் நிலக்கரி வியாபாரி. வீடுகளைச் சூடாக்க எண்ணெய் அடுப்பு வந்து நிலக்கரி படுத்ததும், கரி விற்க முடியாதவரைச் சனங்கள் சட்டம் இயற்ற அனுப்பிவிட்டார்கள். அது ஐம்பதுகளின் நடுப்பகுதி. அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலிலும் வென்றார், ஒரு தரமும் மந்திரியாகவில்லை. சபையில் அவருடைய ஆசனம் கடைசி வரிசையில் ஒரு தூணுக்குப் பின்னால். முதலமைச்சர்கள் பலர் வந்து போனார்கள், அவர்களில் ஒருவருடைய முகத்தையும் தான் முழுசாகப் பார்த்ததில்லை என்பார்.

முப்பது வருடத்தில் அவர் கொண்டுவந்த சட்டமூலம் ஒன்றே ஒன்று. அறை அறையாக வாடகைக்கு விடும் வீடுகளில் குளியலறைக் கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒவ்வொரு கூட்டத்தொடரிலும் அதைக் கொண்டுவருவார். சபை ஒவ்வொரு முறையும் விழுந்து விழுந்து சிரிக்கும். சட்டமூலம் அங்கேயே செத்துப்போகும். அடுத்த கூட்டத்தொடரில் திரும்பவும் எழும்பும்.

அப்படிப்பட்ட மனிதரின் முன்னால் உட்கார்ந்து நான் தாழ்ப்பாள் இல்லை என்று சொன்னால் என்ன நடக்கும்? மேசையைச் சுற்றி வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "முப்பது வருடமாக உன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்" என்றார். அவர் பேசியதெல்லாம் ஆங்கிலம். தமிழில் தருகிறேன், குறை இருந்தால் அது என்னுடையது.

அந்தக் கிழமையே என்னைச் சட்டசபைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பார்வையாளர் மாடத்தில் இருத்தினார். பேச்சின் நடுவில் என் பக்கம் கையைக் காட்டி, இந்த மனிதர் மலசலகூடத்தில் கணக்குப் படிக்கிறார் என்றார். சபை வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்தது. சட்டமூலம் வழக்கம்போல் செத்தது. அடுத்த நாள் சனிக்கிழமை. மனிதர் ஒரு திருப்புளியோடும் ஒரு பித்தளைத் தாழ்ப்பாளோடும் எங்கள் வீட்டுக்கு வந்து, முழங்காலில் நின்று, தானே பூட்டிவிட்டுப் போனார். சட்டசபையால் முப்பது வருடமாக முடியாதது பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

தாழ்ப்பாள் கதை எங்கள் சனத்துக்குள் பரவியதும் அவருடைய அலுவலகத்தில் கூட்டம் தாங்கவில்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் தமிழில் கதைத்தார்கள். வேறு வழியில்லாமல் என்னை வேலைக்கு எடுத்தார். எடுத்த அன்றைக்கே ஒரு நிபந்தனையும் போட்டார். "நாளைக்கு வா என்று இந்த அலுவலகத்தில் யாருக்கும் சொல்லக்கூடாது." எனக்குக் கைகால் கட்டின மாதிரி இருந்தது. பதினொரு வருடப் படிப்பு ஒரே வசனத்தில் போய்விட்டது.

அவருடைய வேலை முறையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். வருகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை, உள்ளங்கை அகலம். எங்கள் மாகாணத்தின் வேலை என்றால் வெள்ளை. வைத்தியக் காப்பு அட்டை, சாரதி அனுமதிப்பத்திரம், வாடகைத் தகராறு எல்லாம் அதில். மற்றவர்களுடைய வேலை என்றால் மஞ்சள். குடிவரவு ஒட்டாவாவின் வேலை, அதற்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எங்கள் சனம் இந்த வேற்றுமையை மதித்ததே இல்லை. அரசாங்கம் என்றால் அரசாங்கம்தானே, அதில் என்ன மாகாணம், என்ன ஒட்டாவா? அலுமாரியில் வெள்ளை அட்டை ஒரு பெட்டி, மஞ்சள் அட்டை ஐந்து பெட்டி.

வேலை முடிந்தால் அட்டையின் வலது மேல்மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டுவார். அதை அவர் மட்டும்தான் செய்வார். கடிதம் அனுப்பிய பிறகு வெட்டமாட்டார். பதில் வந்த பிறகும் வெட்டமாட்டார். கேட்ட மனிதரின் கையில் கேட்ட பொருள் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வெட்டுவார். ஒரு முறை வைத்தியக் காப்பு அட்டை தபாலில் போய்விட்டது, வெட்டலாமா என்று கேட்டேன். "தபால்காரருக்கா வருத்தம்?" என்று கேட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்த்தார்.

கடிதம் நாலு வரிக்கு மேல் போகாது. மந்திரிகளுக்கு எழுதுவதே இல்லை, மந்திரிகள் மாறிவிடுவார்கள், காரியதரிசிகள் மாறமாட்டார்கள் என்பது அவர் கணக்கு. தொகுதியில் யாருக்காவது தொண்ணூறு வயதானால் வாழ்த்துப் பத்திரம் ஒன்றைக் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தானே கொண்டுபோய்க் கொடுப்பார். அந்தக் கிழவிகளின் பிள்ளைகள் மாகாணம் முழுக்க ஏதாவது ஒரு அரசாங்கக் கந்தோரில் இருந்தார்கள். தொலைபேசியை எடுத்தால் முதற் கேள்வி "அம்மா எப்படி?" என்பதுதான். அரை மணித்தியாலம் அம்மாவைப் பற்றித்தான் கதை. விஷயம் கடைசி நிமிடத்தில் வரும்.

எங்கள் சனம் வெறுங்கையோடு வராது. மட்டன் ரோல்ஸ் வரும், பத்திரிகையில் சுற்றிய போத்தலும் வரும். ரோல்ஸைக் கவுண்டரில் வைத்து எல்லாருக்கும் பங்கிட்டுத் தானும் சாப்பிடுவார். போத்தலைக் கொண்டுவந்தவரின் கோட்டுப் பையிலேயே திரும்ப வைத்துவிடுவார். ரோல்ஸ் சாப்பாடு, போத்தல் விண்ணப்பம், விண்ணப்பத்துக்குத்தான் அட்டை இருக்கிறதே என்பார். எனக்குச் சில போத்தல்களைப் பார்த்தபோது கவலையாகத்தான் இருந்தது.

எண்பத்து ஆறாம் ஆண்டு ஒரு திங்கட்கிழமை சிவநேசன் வந்தான். முப்பது வயது, ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், அதிர்ந்து பேசத் தெரியாதவன். மனைவியைக் கூப்பிட ஸ்பொன்சர் செய்திருந்தான். மறுத்துக் கடிதம் வந்திருந்தது. "நீர் கனடாவுக்கு வந்தபோது நிரப்பிய படிவத்தில் மணமாகாதவர் என்று இருக்கிறது. இப்போது நீர் தரும் மணப்பதிவுச் சான்றிதழோ அதற்கு இரண்டு மாதம் முந்தியது. இரண்டில் ஒன்று பொய்." கடிதத்தின் சாரம் இதுதான். உம்முடைய சொந்த வதிவிட உரிமையையும் மீளப் பரிசீலிக்க நேரலாம் என்று கடைசியில் ஒரு வால் வேறு.

மனைவி பவானி கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தாள். ஐந்து மாதமாக. பொலிஸ் கதவைத் தட்டினால் அடையாள அட்டையோடு எழுந்து நிற்க வேண்டிய காலம் அது. இவன் உழைப்பதில் பாதி அந்த லொட்ஜுக்குப் போனது. மீதி பாதி அவளுடைய குரலைக் கேட்கப் போனது.

கடிதத்தோடு அந்தப் பழைய படிவத்தின் பிரதியும் இருந்தது. பார்த்த உடனே தெரிந்தது. அது என் கையெழுத்து. ஏழு என்ற இலக்கத்துக்கு நடுவில் ஒரு கோடு, பெயருக்குக் கீழே இரண்டு கோடு, கச்சேரிப் பழக்கம். வந்த புதிதில் சனிக்கிழமைகளில் ஒரு நூலகத்து மேசையில் உட்கார்ந்து புது ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். பெரிய உபகாரி. அந்த மேசையில் நடந்தது சொல்லுக்குச் சொல் எனக்கு ஞாபகம் வந்தது.

"தம்பி, கலியாணம் முடிச்சாச்சோ?"

"இல்லை அண்ணை, எழுத்து மட்டுந்தான் முடிஞ்சது. தாலி இன்னும் கட்டேல்லை."

"அப்ப முடிக்கேல்லை எண்டு போடுறன்."

"ஓம் அண்ணை."

எங்களில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். பதிவுகாரரை வீட்டுக்குக் கூப்பிட்டு இரண்டு பேரும் கையொப்பம் வைத்தால் அது எழுத்து. மாப்பிள்ளை ஓடிப்போகாமல் இருக்க ஒரு பூட்டு. தாலி கட்டிக் கூறைச் சேலை கொடுத்தால்தான் கலியாணம். இடையில் ஒரு வருடம் போனாலும் பெண் தகப்பன் வீட்டில்தான் இருப்பாள், அவளைத் திருமணமானவள் என்று யாராவது சொன்னால் தாய்க்காரி சண்டைக்கு வருவாள். இவன் எழுத்து முடிந்த இரண்டாம் கிழமை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தவன். ஆனால் ஒட்டாவாவுக்குத் தாலி தெரியாது. அதற்குத் தெரிந்தது கையொப்பம்தான். அது தெரிந்திருக்க வேண்டியவன் நான், பதினொரு வருடம் அரசாங்கப் படிவத்தோடேயே கிடந்தவன்.

சிவநேசன் குரலைத் தாழ்த்தி, "அண்ணை, இது நீங்கள் எழுதினதெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன்" என்றான். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மஞ்சள் அட்டை எழுதிப் பெல்விக்கின் தட்டில் வைத்தேன். எழுதியது யார் என்பதை மட்டும் எழுதவில்லை. என்னுடைய சொந்தக் குடிவரவுக் கடதாசிகளும் அப்போது ஒட்டாவாவில் முடிவுக்காகக் கிடந்தன. பொய்ப் படிவம் நிரப்பியவன் என்று ஒரு கோப்பில் ஏறினால் அது என் கோப்பையும் தேடிப் போகும், வேலையும் போகும். ஆகவே வீரன் செய்வதைச் செய்தேன். அட்டையின் கீழே "எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல" என்று அழகாக எழுதினேன், இரண்டு கோடு போட்டு.

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கோப்பு என் தட்டில் கிடந்தது. ஒரு குறிப்பும் இல்லை. பின்னேரம் அவருடைய தட்டில் திரும்ப வைத்தேன். புதன் காலை மறுபடியும் என் தட்டில். மனிதர் காலை வணக்கம் சொன்னார், காலநிலை பற்றிக் கதைத்தார், கோப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. பின்னேரம் திரும்ப வைத்தேன். வியாழன் காலை மறுபடியும் என் தட்டில். இம்முறை படிவத்தின் பிரதி மேலே இருந்தது.

நான் எழுந்து அவருடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். "மிஸ்டர் பெல்விக், அந்தப் படிவத்தை நிரப்பியது நான்" என்றேன்.

"தெரியும். அந்தக் கோடு போட்ட ஏழாம் இலக்கத்தை நான் தினமும் அட்டைகளில் பார்க்கிறேன்" என்றார்.

"பிறகு ஏன் கேட்கவில்லை?"

"கேட்டிருந்தால் நீ என் கேள்விக்குப் பதில்தான் சொல்லியிருப்பாய். எனக்கு வேண்டியது வாக்குமூலம்."

பிறகு கதிரையைக் காட்டி உட்காரச் சொல்லி, எழுத்தென்றால் என்ன, தாலியென்றால் என்ன, கூறையென்றால் என்ன என்று ஒரு மணித்தியாலம் கேட்டார். நான் சொல்லச் சொல்லத் தலையை ஆட்டினார். அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். படிவம் நிரப்பியவனே பிழை தன்னுடையது என்று சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும். விண்ணப்பகாரன் உண்மையைத்தான் சொன்னான், கேட்டு எழுதியவன்தான் பிழையாக எழுதினான் என்று. கொடுத்தால் எனக்கு என்ன நடக்கும் என்று கேட்டேன். தெரியாது என்றார். நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அந்தச் சொல்தான் அலுவலகத்தில் தடையாயிற்றே.

சட்டசபை உறுப்பினருக்குச் சத்தியம் வாங்கும் அதிகாரம் உண்டு. என்னை எழுந்து நிற்கச் சொன்னார். வேதப்புத்தகம் எனக்குப் பொருந்தாது, எங்கள் புத்தகம் அங்கே இல்லை. மனச்சாட்சியின்படி உறுதி சொன்னாலே போதும் என்று சட்டம் சொல்கிறது என்றார். என் மனச்சாட்சி மூன்று நாளாக எந்தத் தட்டில் கிடந்தது என்று அவருக்குத் தெரியும், இருந்தும் நம்பினார். படிவத்தில் மணமாகாதவர் என்பதற்கு நேரே புள்ளடி போட்டது நான், அது என் பிழை என்று உறுதி சொன்னேன். கையொப்பமும் வைத்தேன்.

நாலு வரிக் கடிதம் போனது. பிறகு தொலைபேசி. குடிவரவு அலுவலகத்தில் ஒரு மேலாளரின் காரியதரிசியுடைய தாய்க்குத் தொண்ணூற்றிரண்டு வயதாம். நாற்பது நிமிடம் தாயின் இடுப்பு வலியைப் பற்றி விசாரித்தார். கடைசி நிமிடத்தில், "ஒரு கடிதம் வருகிறது, அதை ஒரு மனிதர் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார்.

மனிதர் ஒருவர் வாசித்திருக்க வேண்டும். ஏழு மாதத்துக்குப் பிறகு சிவநேசனின் விண்ணப்பம் ஏற்கப்பட்டது. எனக்கும் ஒரு கடிதம் வந்தது. தகுதியற்றவர்கள் பிறருடைய படிவங்களை நிரப்புவதைத் தவிர்க்க வேண்டுமாம். கனடிய அரசாங்கம் என் திறமையைப் பற்றி எழுத்தில் தந்த முதல் நற்சான்றிதழ் அது. என் கடதாசிகளுக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை. நான் மூன்று நாள் பயந்தது வெறும் வீண்.

அதற்கிடையில் தேர்தல் வந்து பெல்விக் தோற்றுப்போனார். வென்றவருக்கு நல்ல பல்வரிசை. தோற்றதற்கு மறுநாள் எல்லா அட்டைப் பெட்டிகளையும் புதியவருக்கு ஒழுங்காக ஒப்படைத்தார். சட்டசபையில் ஒருவர் அவருக்குப் பிரியாவிடை சொல்லும்போது தாழ்ப்பாளைப் பற்றி ஒரு பகிடி விட்டாராம். நிலக்கரி வியாபாரியின் முப்பது வருடச் சேவை அத்தோடு முடிந்தது.

அந்தக் குளிர்காலத்தில் பவானி வந்து இறங்கினாள். விமான நிலையத்திலிருந்தே அவருக்குத் தொலைபேசி எடுத்து, "இனி மூலையை வெட்டலாம்" என்றேன். அப்போதுதான் ஓர் உண்மை வெளிவந்தது. ஒரேயொரு மஞ்சள் அட்டையை மட்டும் புதியவருக்குக் கொடுக்காமல் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். அரசாங்கச் சொத்து. வாழ்க்கையில் அவர் செய்த ஒரே களவு.

"மணம் முடிந்ததா?" என்று கேட்டார்.

"முன்னமே முடிந்ததுதானே. சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேனே" என்றேன்.

"அது ஒட்டாவாவுக்கு. உங்கள் ஆட்களிடம் கேட்டால் என்ன சொல்வார்கள்?"

தாலி இன்னும் கட்டவில்லை என்றேன்.

"அப்படியென்றால் அட்டை என் பையிலேயே இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கலியாணம் நடந்தது. ஐயர் கிழமை நாளில் மிசிசாகாவில், விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். மாகாணத்தின் கலியாண அனுமதிப்பத்திரம் எங்கே என்று அவர் கேட்டார். இவர்கள் சட்டப்படி ஏற்கெனவே புருஷன் பெண்சாதி, அதை நிறுவத்தான் ஒட்டாவாவோடு மல்லுக்கட்டினோம் என்றேன். "அப்ப இப்ப என்னத்துக்கு அண்ணை தாலி?" என்று கேட்டார். ஐயரே இப்படிக் கேட்டால் ஒட்டாவாவைக் குறை சொல்லி என்ன பலன்?

பெல்விக் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டியுமாக முன்வரிசையில் இருந்தார். இம்முறை நடுவில் தூண் இல்லை, எல்லாவற்றையும் முழுசாகப் பார்த்தார். கெட்டிமேளத்துக்கு ஆளில்லை. யாரோ ஒலிநாடாவை முடுக்கிவிட, சிவநேசன் தாலியைக் கட்டினான். பவானி குனிந்த தலை நிமிராமல் விம்மி விம்மி அழுதாள். அந்த லொட்ஜ் அறையின் ஐந்து மாதமும் அதற்குப் பிறகு வந்த மாதங்களும் அப்போதுதான் அவளை விட்டுப் போயின போலிருந்தது.

பெல்விக் மெல்ல எழுந்து வந்து, மாலைகளின் நூலை வெட்ட வைத்திருந்த கத்தரிக்கோலை என்னிடம் கேட்டு வாங்கினார். கோட்டுப் பையிலிருந்து அந்த மஞ்சள் அட்டையை எடுத்தார். ஓரங்கள் நைந்திருந்தன. என் ஏழும், என் இரண்டு கோடும், "எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல" என்ற என் அழகான எழுத்தும் அப்படியே இருந்தன. வலது மேல்மூலையை நேராக வெட்டினார்.

"இன்றைக்குத்தான் மணம் முடிந்தது" என்றார். "அப்படியென்றால் அந்தப் படிவத்தில் நீ போட்ட புள்ளடி சரிதான், மூர்த்தி."

பிழை என்று உறுதி சொல்லிக் கையொப்பம் வைத்தவன் நான். அதை வாங்கி முத்திரை குத்தியவர் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓமப் புகை என்றேன். ஐயர் நல்ல மனிதர், அன்றைக்குத் தேவைக்கு அதிகமாகவே புகை போட்டிருந்தார்.